மேலே தெரிந்த இருபது வளையங்கள்

முதல் வளையம் வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது. யூசுப் பாய் அந்தக் கறுப்புத் தோல் ஷூவைத் தொடைகளுக்கிடையே இறுக்கி, அதன் நாக்கைப் புறம் தள்ளினார். உள்பக்கத்தில் பூவிதழ்போல் விரிந்து மடிந்திருந்த உலோக விளிம்பைக் கூரிய ஊசியால் நெம்பினார். ஓர் இதழ் எழுந்தது, பிறகு அடுத்தது. குறடால் ஒரு திருகு. வெளிப்பக்கத்து வெள்ளிநிற வளையம் கழன்று, தரையிலிருந்த தகர மூடிக்குள் விழுந்தது.

"ஒண்ணு," என்றார். "இன்னும் பத்தொம்போது கீது. உக்காருங்க மேடம்."

உட்கார இடமில்லை. கரையான்சாவடி பிரதான சாலையிலிருந்து பிரியும் சந்தில், எட்டடி அகலக் கடை அது. பாதி இடத்தை நீலத் தார்ப்பாய்கள் அடைத்திருந்தன. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. கான்ட்ராக்டர்களின் தார்ப்பாய், லாரி மூடி, விளம்பரப் பதாகை என்று கயிறு கோக்கும் ஓட்டை எதுவாயினும், அது கிழியாதிருக்க விளிம்பில் ஓர் உலோக வளையம் வேண்டும். ஐலெட் என்று பெயர். அதை அடிக்கும் கைப்பிடி இயந்திரம் அந்தச் சந்தில் அவரிடம் மட்டுமே இருந்தது.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வேலையையும் வாயையும் ஒருசேர நடத்தக்கூடியவர்.

"எல்லாரும் ஐலெட்டு போடுன்னுதான் வருவாங்கோ. பிடுங்குன்னு வந்த மொத ஆளு நீங்கதான். நல்ல ஷூ இது. எதுக்கு மேடம்?"

"பாக்க நல்லா இருக்கும்னுதான் பாய்," என்றேன்.

அது பொய். நல்லெண்ணத்தில் சொன்ன பொய். அந்த வாரம் நான் செய்த தவறுகளில் அதுவே பெரியது என்று மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

பீப் கேட்

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையோரம் மின்சார உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் அப்போது தொழிலாளர் நல அலுவலர். சமூகப்பணியில் முதுகலை முடித்து, இரண்டாவது வேலை. உற்பத்திக் கூடத்தில் எழுநூறு பேர், பெரும்பாலும் பெண்கள்.

அந்த மாதங்களில், முலாம் பூசிய சின்னஞ்சிறு ஊசிகள் சுருள் சுருளாகக் காணாமல் போயின. நிர்வாகம் கூடத்தின் வாசலில், கதவு நிலைபோன்ற, உலோகத்தைக் கண்டால் ஒலியெழுப்பும் ஒரு சட்டத்தை நிறுத்தியது. வெளியேறும் ஒவ்வொரு தொழிலாளியும் அதன் வழியே நடக்க வேண்டும். நாங்கள் அலுவலர்கள் முகப்பிலிருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் போனோம், வந்தோம். அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

பெண்கள் பக்கத்தில் சோதனை செய்யும் காவலர் தேவகி. நாற்பத்தைந்து வயது, குமணன்சாவடிக்காரர். அவருடைய புகுந்த வீட்டார் பயிர்வைத்த நிலம் எங்கள் மதிற்சுவருக்குள் போயிருந்தது. அதை அவர் ஒருபோதும் புலம்பலாகச் சொன்னதில்லை.

"இந்த கேட்டு கீற எடத்துலதான் எங்க மாமனாரு வேர்க்கல்ல போட்டாரு மேடம். அப்பல்லாம் பீப் அடிக்கல," என்பார்.

அவர் கண்டிப்பானவர். சேஃப்டி பின், கொண்டை ஊசி, கொலுசு எதையும் விடமாட்டார். "கழட்டிக் காமி, அப்பால போ," என்பதே அவருடைய மந்திரம். பெண்கள் முணுமுணுத்தாலும் மதித்தார்கள், ஏனெனில் தன் பணிநேரம் முடிந்ததும் அவரும் அதே சட்டத்தின் வழியே நடந்து, மாலைக் காவலரிடம் கைகளை விரித்து நிற்பார்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரவிருந்ததால், காவலர்களுக்குக் கயிறு கட்டும் தோல் ஷூக்கள் வழங்கப்பட்டன. அலுவலர்கள் அணிவது போன்ற, பளபளக்கும் கறுப்பு ஷூ. முதல் தவணையில் ஆறு பேருக்கு மட்டும். மற்ற ஐவரும் வெளிக் கேட்டில் நிற்பவர்கள். அந்தச் சட்டத்தைக் கடக்க வேண்டியவர் தேவகி ஒருவர்தான்.

முதல் நாள் மாலையே பீப் அடித்தது.

ஷூவைக் கழற்றி நடந்தார், ஒலியில்லை. போட்டுக்கொண்டு நடந்தார், ஒலித்தது. மறுநாளும் அதே. வரிசையில் நின்ற ஒருத்தி சும்மா இருப்பாளா?

"யக்கா, என் கம்மலைக்கூட கழட்ட வச்சியே. இப்ப இன்னா? பூட்ஸ்ல இன்னா வச்சிகிற?"

சிரிப்பு. தேவகியும் சிரித்துவைத்தார். மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை.

பாதுகாப்பு மேலாளர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், என்னை அழைத்தார். "எனக்கு அந்தம்மா மேல சந்தேகம் இல்ல. ஆனா மூணு தடவ பதிவாயிடுச்சு. திங்கட்கிழமையும் அடிச்சா ஒரகடம் சைட்டுக்கு மாத்தித்தான் ஆகணும். விதி அப்படி."

"பழைய கேன்வாஸ் ஷூவையே போட்டுக்கட்டுமே சார்?"

"யூனிஃபார்ம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

ஒரகடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பதைப் பற்றித் தேவகி கவலைப்படவில்லை. "பஸ்ஸு கெடக்குது மேடம். இங்க வேல செய்ற பொண்ணுங்க பாதி எங்க தெரு. பொருள் காணாம போற நேரத்துல என்னை மாத்தினா, திருடி மாட்டிக்கினான்னுதான் பேசுவாங்கோ. நாளைக்கு என் பொண்ணு அந்தத் தெருவுலதான் நடக்கணும்."

ஆபத்திலிருந்தது அவருடைய பெயர். அதைக் காக்க எனக்கு வெள்ளி மாலையிலிருந்து திங்கள் மாலைவரை அவகாசம்.

நான் ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒரு காலுக்குப் பத்து, இரண்டு காலுக்கும் இருபது வளையங்கள் வெள்ளியாய் மின்னின. வேறெங்கும் உலோகம் தென்படவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது. கழற்றிவிடலாம் என்று முடிவெடுத்தவள் நான்தான். தேவகி தலையை மட்டும் ஆட்டினார்.

அறுபத்து நான்கு கேள்விகள்

இங்கே சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

முதுகலை இறுதியாண்டில், களப்பணிக்காக அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெண் தொழிலாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். அறுபத்து நான்கு கேள்விகள். உணவு, உறக்கம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு, மனநிறைவு என்று வகைவாரியாகத் தயாரித்து, மூன்று முறை திருத்தி, அச்சிட்டு எடுத்துச் சென்றோம். எங்கள் உழைப்பில் எங்களுக்கு மிகுந்த பெருமிதம்.

ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் வாசலில், ஒரு பெண் தேநீர் ஆறும்வரை பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முடிந்ததும் படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள்.

"கக்கூஸ் பத்தி ஒண்ணுமே கேக்கலியேம்மா?"

முந்நூறு பெண்களுக்கு அங்கே இரண்டு கழிப்பறைகள். தண்ணீர் குடிக்காமலேயே பகலைக் கழித்தார்கள். எங்கள் படிவத்தில் ‘ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள்’ என்ற கேள்வி இருந்தது. ஏன் என்ற கேள்வி இல்லை.

அன்று படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தோம். பாடத்தைக் கற்றுவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் ஒரு பாடம் வேறு உடையில் எதிரே வந்தால் அடையாளம் தெரிவதில்லை. ஆவடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் வெறுங்காலோடு ஓடி, பட்டமளிப்பு விழாவுக்குத்தான் முதன்முதலாக மூடிய ஷூ வாங்கியவள் நான். ஒரு ஷூவுக்குள் என்ன இருக்கும் என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. யோசிக்காததைத் தெரிந்தவரிடம் கேட்டிருக்கலாம்.

யூசுப் பாயிடம் உண்மையை மறைத்ததற்கு எனக்கு ஒரு நியாயம் இருந்தது. கரையான்சாவடியும் குமணன்சாவடியும் அடுத்தடுத்தவை. ‘கேட்டில் மாட்டிக்கொண்ட பெண்ணின் ஷூ’ என்று ஒரு வாய் சொன்னால் மறுநாள் நூறு வாய்க்குப் போகும். தேவகியின் மானத்தைக் காப்பதாக எண்ணி வாயைக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை

சனிக்கிழமை மதியம் இருபதாவது வளையமும் தகர மூடிக்குள் விழுந்தது. ஷூவில் எஞ்சியவை இருபது ஓட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றி, வளையம் அழுந்திய வடு.

பாய் விரல் நுனியால் ஓர் ஓட்டையைத் தடவினார். "இது சதை இல்ல மேடம், மூடிக்கறதுக்கு. இனிமே கயிறு தோலைத் தின்னும். பத்துப் பதினஞ்சு நாள்ல ஓட்டை வாயப் பொளந்துடும். உள்ள ஒரு பட்டித் தோல் வச்சுத் தெச்சுத் தரட்டா?"

"அப்புறம் பாத்துக்கலாம் பாய்."

"உங்க இஷ்டம்."

திங்கள் மாலை, பணிநேரம் முடியும்போது நான் அந்த வாசலுக்குப் போனேன். அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது எனக்கு அதுவே முதல்முறை. வியர்வையும் இயந்திர எண்ணெயும் கலந்த வாசனை. எழுபது எண்பது பெண்கள் கைப்பைகளைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நின்றனர். மேலாளர் பதிவேட்டோடு வந்திருந்தார்.

தேவகி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

பீப்.

இந்தமுறை யாரும் கேலி செய்யவில்லை என்பதுதான் எனக்கு அச்சமூட்டியது. மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். தேவகி என்னைப் பார்த்தார். குற்றம்சாட்டும் பார்வையில்லை. இனி என்ன என்று கேட்கும் பார்வை.

"ஒரு நிமிஷம் சார்," என்றேன். சட்டமே பழுதாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்த நொடியில்தான் வந்தது. கைக்கடிகாரம், சங்கிலி, கைப்பேசி எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன். என் காலில் கயிறோ வளையமோ இல்லாத, நுழைத்துக்கொள்ளும் தோல் ஷூ. என்மேல் உலோகமே இல்லை என்ற உறுதியோடு நடந்தேன்.

பீப்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். தேவகி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த கைச்சோதனைக் கருவியை எடுத்தார். அவர் முகத்தில் வேலையில் இறங்கியவரின் களை வந்துவிட்டது.

"கைய விரிங்க மேடம்."

விரித்தேன். தோள், இடுப்பு, முழங்கால். ஒலியில்லை. ஷூவின் மேற்புறம். அங்கும் இல்லை.

"கால தூக்குங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். கருவி என் உள்ளங்காலின் வளைவருகே போனதும் கத்தியது. அவர் மற்றக் காலையும் தூக்கச் சொன்னார். அங்கும் கத்தியது.

"மேல இல்ல மேடம்," என்றார் தேவகி நிதானமாக. "அடில கீது. உள்ளார இன்னாவோ வச்சுத் தச்சிக்கிறான்."

பிறகு அவர் பார்வை மெல்ல நகர்ந்து மேலாளரின் பளபளத்த கறுப்பு ஷூவில் நின்றது.

"என்ன பாக்குற?" என்றார் மேலாளர்.

"ஒண்ணுமில்ல சார். கால கொஞ்சம் தூக்குறீங்களா?"

ராணுவத்தில் இருந்தவர். கட்டளை வந்தால் உடல் முந்திக்கொள்ளும்போலும். தூக்கினார்.

பீப்.

வரிசை மொத்தமும் குலுங்கியது. மேலாளர் காலை இறக்கினார். பேனாவை மூடினார். "போங்க, எல்லாரும் போங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார்.

பாயின் கோபம்

மறுநாள் தேவகியை அழைத்துக்கொண்டே யூசுப் பாயின் கடைக்குப் போனேன். இந்தமுறை கேட், பீப், பதிவேடு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவர் கையிலிருந்த தார்ப்பாயை ஓரமாகப் போட்டார்.

"ஏன் மேடம், படிச்சவங்கதானே நீங்க? ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒடம்பு நல்லாத்தான் கீது டாக்டர், ஊசி மட்டும் போடுங்கோன்னா அவன் இன்னா பண்ணுவான்? போடுவான். நானும் பிடுங்கினேன்."

"தப்புதான் பாய்."

"எதுக்குன்னு கேட்டேனா இல்லியா? பாக்க நல்லாகீதுன்னீங்கோ. நானும் ஏதோ புது ஃபேஷன் போலன்னு உட்டுட்டேன். வாய தொறந்து சொல்லியிருந்தா, ஐலெட்டு கத்தாது, அடிப்பட்டிதான் கத்தும்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

தேவகி இடைமறித்தார். "உடு பாய். எம் பேரு நாறிடப்போகுதுன்னு மேடம் மறைச்சிருப்பாங்கோ."

பாய் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "உன் ஷூதானாக்கா இது? உன் பேர வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்கு இந்தத் தார்ப்பாய முடிக்கவே நேரமில்ல."

நான் அஞ்சிக் கட்டிய மதில் அவ்வளவுதான்.

அவர் விளக்கினார். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலுள்ள வளைவு தொய்ந்துவிடாதிருக்க, இப்படிப்பட்ட ஷூக்களில் அடித்தோலுக்கும் உள் அட்டைக்கும் நடுவே ஒரு விரல் அகல எஃகுப் பட்டை வைப்பார்கள். வெளியே தெரியாது. ஷூவின் கம்பீரமெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. வளையங்கள் வெறும் சின்னத் தகடு, சட்டம் அவற்றைப் பொருட்படுத்தியே இருக்காது.

"விதி மாறும்வரை பொறுக்கலாமா தேவகிக்கா? மேலாளர்கிட்ட நான் பேசறேன்," என்றேன்.

"நீங்க பேசுங்க மேடம். ஆனா எனக்கு இன்னிக்கே சத்தம் வேணாம்."

பாய் அடித்தோலைக் குதிகால் ஓரத்திலிருந்து சூடுகாட்டிப் பிரித்தார். பழைய பசையின் நெடி எழுந்தது. குறடால் ஓர் இழுப்பு. சாம்பல் நிறப் பட்டை வெளியே வந்தது. தேவகி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார்.

அந்த இடத்தில் கெட்டியான ஃபைபர் பட்டை வைத்து, பசையிட்டு அழுத்தி, ஓரத்தைத் தைத்தார் பாய். அதன்பின் ஓட்டைகளின் பக்கம் வந்தார். தகர மூடியிலிருந்த இருபது வளையங்களும் கழற்றும்போதே நெளிந்துவிட்டவை, திரும்பப் பூட்ட இயலாது. ஓட்டைகளும் சற்றே விரிந்திருந்தன. ஆகவே ஓர் அளவு பெரிய வளையங்களைத் தேர்ந்தார். தார்ப்பாய்க்கு அடிக்கும் அதே இயந்திரத்தில் சின்ன அச்சை மாட்டி, கைப்பிடியை இருபது முறை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கடை லேசாக அதிர்ந்தது.

மற்ற ஐவரின் ஷூக்களையும் தேவகியினுடையதையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரியும். என் அவசரத்தின் அடையாளமாக அது நிலைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"கண்ணு பெருசா இருந்தா அழகுதான் மேடம்," என்று கயிற்றைக் கோத்தார் தேவகி. "நீங்க சொன்னதுல பாயி அத ஒண்ணுதான் நம்பிக்கிறாரு. பாக்க நல்லாகீது."

பாய் தலைநிமிராமலே சிரித்தார்.

ஒரே வாசல்

அன்று மாலை தேவகி அந்தச் சட்டத்தைக் கடந்தார். ஒலியில்லை. மறுநாளும் இல்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரேயிருந்த மூன்று பதிவுகளின் பக்கத்திலும், ‘காரணம்: ஷூவின் அடிப்பட்டை’ என்று சிவப்பு மையில் எழுதி மேலாளரே கையெழுத்திட்டார். அவரிடம் அந்த நேர்மை இருந்தது.

ஆனால் என் மனக்கணக்கு அதோடு தீரவில்லை. வளையத்தைக் கழற்றியது சிறு தவறு. காரணத்தை மறைத்தது அதைவிடப் பெரியது. இரண்டுக்கும் முந்தையது, எழுநூறு பேர் நாள்தோறும் நடக்கும் வாசலில் ஒருநாளும் நடக்காமல், அதைப்பற்றி முடிவெடுக்கும் நாற்காலியில் நான் அமர்ந்திருந்தது. நான் ஒருமுறை நடந்திருந்தால் முதல் நாளிலேயே விடை கிடைத்திருக்கும்.

அலுவலர்களும் அதே வாசல் வழியே வெளியேற வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். கூட்டம் நடந்தது. கண்ணாடிக் கதவின் வசதியைப் பற்றியும் அலுவலர்களின் கண்ணியத்தைப் பற்றியும் பலர் பேசினர். கண்ணியம் என்ற சொல் அந்த அறையில் முதன்முறையாக அன்றுதான் ஒலித்தது என்பதை மட்டும் நான் நினைவூட்டினேன். ஆதரவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பாதுகாப்பு மேலாளர் எழுந்து, "என் காலும் கத்துச்சு," என்றார். மேற்கொண்டு விவாதிக்க அதிகம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அலுவலர்களின் ஷூக்கள் வரிசையாகக் கத்தின. ஒலித்தாலே பதிவு என்ற விதியை நிர்வாகம் தானாகவே திருத்திக்கொண்டது. ஒலித்தால் ஷூவைக் கழற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவே.

என் ஷூவிலும் பட்டையை மாற்றித் தருவதாக யூசுப் பாய் சொன்னார். அரை மணி நேர வேலைதான் என்றார். வேண்டாம் என்றேன். எதற்கு என்று கேட்டார். இந்தமுறை உண்மையான காரணத்தைச் சொன்னேன், எல்லாரையும்போல நானும் கழற்றிக் காட்டிப் போக வேண்டும் என்று. "சரி, கத்தட்டும்," என்று தார்ப்பாயை எடுத்துக்கொண்டார்.

அந்த வேலையில் இருந்தவரை அதே ஷூவைத்தான் அணிந்தேன். மாலைதோறும் அது ஒலிக்கும். பெரிய கண்கள் வைத்த கறுப்பு ஷூவில் நிமிர்ந்து நிற்கும் தேவகி கருவியை எடுப்பார்.

"கழட்டிக் காமிங்க மேடம்."

குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்று, ஷூவை மேசைமேல் வைப்பேன். அவர் திருப்பிப் பார்த்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, திருப்பித் தருவார். ஒருநாளும் சலுகை காட்டியதில்லை. குனிந்து காலை நுழைத்துக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பின்னால் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

"சீக்கிரம் மேடம், பஸ்ஸு பூடும்."